ஒட்டியதற்குப் படம் இருக்கிறது

ஒட்டியாகிவிட்டது, சார். படமும் எடுத்தாகிவிட்டது. இனி என்னிடம் கோபப்பட்டு ஒன்றும் ஆகப்போவதில்லை. நீங்கள் சட்டையை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வருவதற்குள் படம் ஆபீஸ் குரூப்புக்குப் போய்விட்டது. உங்கள் கதவு எண் தெரிகிறது, நோட்டீஸின் சிவப்பு எழுத்து தெரிகிறது, கீழே தேதியும் நேரமும் தானாக விழுந்திருக்கிறது. பத்து நாற்பத்திரண்டு. பாருங்கள்.

தண்ணீர் போதும், அம்மா. காப்பி எதற்கு? சரி, போடுங்கள். சர்க்கரை வேண்டாம்.

என்னைத் திட்டாதவர்கள் இந்த ஊரில் குறைவு. இந்தக் குருநாதன் ஒரு தெருவுக்குள் நுழைந்தால் வீடு விழப்போகிறது என்று பேசுகிற ஆட்கள் இருக்கிறார்கள். நான் என்ன செய்வேன்? வீடு தாங்குமா தாங்காதா என்று பார்ப்பது பொறியாளர். நோட்டீஸ் அடிப்பது கிளார்க். கையெழுத்துப் போடுவது உதவி ஆணையர். நான் மண்டல ஆபீஸில் உதவியாளன். என் வேலை ஒட்டுவது. இருபத்தொன்பது வருஷமாக ஒட்டுகிறேன். தை மாதம் ஓய்வு. இன்னும் நாலு மாதம்.

ஒவ்வொரு வருஷமும் புரட்டாசியில், மழைக்கு முன்னால், ஒரு பட்டியல் வரும். பழைய ஊருக்குள் இந்த வருஷம் நாற்பத்து மூன்று கட்டடம். போன வருஷம் நாற்பத்தொன்று. ஒன்று விழுந்துவிட்டது. மூன்று புதிதாகச் சேர்ந்திருக்கிறது. அந்த மூன்றில் ஒன்று உங்களுடையது. புதிதாக வருகிறவர்களுக்குத்தான் இவ்வளவு கோபம் வரும். இரண்டாம் வருஷம் கோபம் இருக்காது. மூன்றாம் வருஷம் நாற்காலி போடுவார்கள்.

அதற்குப் பிறகு என்ன நடக்கும் என்று கேட்டீர்கள். ஒன்றும் நடக்காது. முப்பது நாளில் பழுது பார்க்க வேண்டும், இல்லையென்றால் இடிக்க வேண்டும், இல்லையென்றால் மின் இணைப்பைத் துண்டிப்போம் என்று போட்டிருக்கிறது. போட்டிருக்கிறது, அவ்வளவுதான். படம் வந்துவிட்டதா என்று கேட்பார்கள். வந்துவிட்டது என்றால் அந்த வரிக்கு நேரே ஒரு டிக் விழும். அடுத்த புரட்டாசியில் மறுபடியும் நான் வருவேன்.

வெள்ளிக்கிழமை மகளுக்கு வளைகாப்பு என்கிறீர்கள். சம்பந்தி வீட்டார் வரும்போது வாசலில் இது இருந்தால் எப்படி என்கிறீர்கள். புரிகிறது, சார். நான் முடியாது என்று சொல்லவில்லையே. ஒரு விஷயம் மட்டும் கேளுங்கள். பிறகு பேசுவோம். அந்த விசிறியைக் கொஞ்சம் வேகமாக வைக்கலாமா? ஓ, வேகமாக வைத்தால் மேலே ஆடுகிறதா. சரி, இருக்கட்டும்.

முதலில் பசையைப் பற்றிச் சொல்ல வேண்டும். மைதாவைக் கொதிக்கவைத்து, கொஞ்சம் மயில்துத்தம் போட்டுக் கிண்டுவது. துத்தம் போட்டால் பூச்சி அரிக்காது. கெட்டியாகக் காய்ச்சினால் நோட்டீஸ் சுவரோடு சுவராகிவிடும், சுரண்டினாலும் வராது. சினிமா போஸ்டர்காரர்கள் அப்படித்தான் காய்ச்சுவார்கள். நான் அப்படிச் செய்வதில்லை. தண்ணீராகக் காய்ச்சுவேன். காய்ந்த பிறகும் ஈரத்துணியால் ஒற்றி எடுத்தால் தாள் முழுசாகக் கையோடு வரும். இது சோம்பேறித்தனம் இல்லை. குடும்பம் நடத்துகிற வீடு, சார். அதன் நெற்றியில் ‘ஆபத்து’ என்று எழுதி ஒட்டுகிறோம். நாளைக்கு ஒரு நல்லது கெட்டது வரும். அந்த நேரத்தில் எடுத்துக்கொடுக்க வழி இருக்க வேண்டும் இல்லையா? என்னிடம் அந்தத் தயவு உண்டு. யாரை வேண்டுமானாலும் கேளுங்கள்.

வெண்ணெய்க்காரத் தெருவில் அம்பலவாணன் என்று ஒருவர். கூட்டுறவுப் பண்டகசாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அப்பா காலத்து வீடு. கீழே சமையலறையும் இருட்டான இரண்டு அறையும், மேலே ஒரு கூடம். மேல்கூடத்துத் தரை மரத்தூலத்தின் மேல் செங்கல் அடுக்கிச் சுண்ணாம்பு போட்டது. குளியலறைத் தண்ணீர் சுவருக்குள் இறங்கி, தூலங்களின் முனையெல்லாம் ஊறிப்போயிருந்தது. எங்கள் உதவிப் பொறியாளர், ஏ.ஈ. மேடம், ஸ்டூல் போட்டு ஏறி, ஒரு ஸ்க்ரூ டிரைவரைத் தூலத்தில் குத்தினார். வெல்லத்தில் இறங்குவது போல இறங்கியது. மாடியில் ஆள் நடமாடவே கூடாது, இந்த வீட்டுக்கு மின் இணைப்பைத் துண்டித்தே ஆக வேண்டும் என்று எழுதினார். சின்ன வயது. பாகப்பிரிவினை வழக்கு இருக்கிற வீடு, பொறுத்துப் பார்ப்போம் என்று மேலதிகாரிகள் எழுதிவிட்டார்கள். மேடத்துக்கு இப்போது வேறு மண்டலம்.

பழுது பார்க்கவும் முடியாது, சார். அம்பலவாணனின் தம்பி மும்பையில் இருந்தார். இவர் ஒரு செங்கலைத் தொட்டால் அவர் கோர்ட்டுக்குப் போவார். அப்படி எட்டு வருஷம்.

அவர் என்னோடு சண்டை போட்டதில்லை. மூன்றாம் வருஷத்து ஆள். நாற்காலி போட்டுவிட்டு, பக்கத்தில் நின்று பார்ப்பார். “குருநாதன், ஒட்டுறதுதான் ஒட்டுறீரு, கொஞ்சம் நேரா ஒட்டும். போன வருஷம் கோணலா இருந்து வருஷம் பூரா கண்ணை உறுத்திச்சு” என்பார். நான் நேராக ஒட்டினேன். அவர் மனைவி செண்பகம்மா காப்பி கொடுப்பார். நல்ல கை. உங்கள் வீட்டுக் காப்பியும் நன்றாகத்தான் இருக்கிறது, அம்மா.

அவர்களுக்கு ஒரே பெண். வடிவு. ஒரு ஸ்கேன் சென்டரில் கம்ப்யூட்டர் வேலை. முப்பத்தொன்று முடிந்துவிட்டது. ஜாதகத்தில் ஏதோ. அதையும் தாண்டி வருகிற இடங்கள் வாசலோடு போய்விடும். முந்தின வருஷம் ஒரு கூட்டம் வந்து, செருப்பைக் கழற்றாமல் நின்று, நோட்டீஸை முழுக்க வாசித்ததாம். வாசித்துவிட்டு அதில் ஒரு அம்மாள், வீட்டையே ஆபத்துன்னு போட்டிருக்கான், பொண்ணு எப்படியோ என்று சொல்லிவிட்டுத் திரும்பிப்போனாளாம். உள்ளே வடிவு பூ வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். கேட்டிருப்பாள். சின்ன வீடுதானே.

வாடகை வீட்டுக்குப் போய் அங்கே வைத்துப் பெண் பார்க்கச் சொல்லலாமே என்று உங்களுக்குத் தோன்றும். எனக்கும் தோன்றியது. கேட்டேன். வருகிறவர்கள் கேட்கிற முதல் கேள்வியே சொந்த வீடா என்பதுதான் என்றார் செண்பகம்மா.

போன வருஷம் ஐப்பசியில் ஒரு இடம் அமைந்தது. தீபாவளி முடிந்து நாலைந்து நாள் நல்ல மழை. ஞாயிற்றுக்கிழமை பார்க்க வருகிறார்கள். வியாழக்கிழமை செண்பகம்மா ஆபீஸுக்கே வந்துவிட்டார். சைக்கிள் நிறுத்துகிற இடத்தில் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

“அண்ணாச்சி, ஒரு நாள் மட்டும் அதை எடுத்துத் தரணும். காலையில எடுத்துட்டு சாயங்காலம் ஒட்டிருங்க. கல்யாணம் முடிஞ்ச மறுநாளே நாங்க வீட்டைக் காலி பண்ணிருதோம்.”

நான் சொன்னேன், என்னைக் கேட்பானேன், மற்ற வீட்டிலெல்லாம் அவர்களே கிழித்துப்போட்டுவிடுகிறார்கள், மழையில் போய்விட்டது என்றால் யார் கேட்கப்போகிறார்கள் என்று.

அவர் பதறிப்போனார். “அதுல அடியில போட்டிருக்கே, கிழிச்சா தண்டனைன்னு. அவுக இத்தனை வருஷம் அரசாங்கச் சம்பளம் வாங்கினவுக. நாங்க கை வைக்க மாட்டோம். நீங்க எடுத்தா அது குத்தமாகாதுல்லா?”

பாருங்கள், எப்பேர்ப்பட்ட மனிதர்கள். நுழையாதே, வசிக்காதே என்று மேலே நாலு வரி. கிழிக்காதே என்று கீழே ஒரு வரி. அந்த ஒரு வரியை அவர்கள் மீறவில்லை. அப்படிப்பட்டவர்களுக்கு எப்படி முடியாது என்று சொல்வது? எனக்கும் இரண்டு பெண்கள், சார். கட்டிக்கொடுத்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை. எனக்கு விடுமுறை. ஆனாலும் எட்டு மணிக்குப் போனேன். கோலம் போட்டு, மாவிலை கட்டி, வாசல் நன்றாக இருந்தது. ஈரத்துணியால் ஒற்றி ஒற்றி எடுத்தேன். ஒரு மூலைகூடக் கிழியவில்லை. மடிக்காமல் சுருட்டிப் பைக்குள் வைத்தேன். ஆனால் சுவரில் அந்த அளவுக்கு ஒரு வெளுத்த கட்டம் தெரிந்தது. சுற்றிலும் மழை நனைத்த கறுப்பு, நடுவில் வெளுப்பு. நோட்டீஸைவிட அது அதிகமாகக் கண்ணில் பட்டது. செண்பகம்மா உள்ளே போய் ஒரு காலண்டர் கொண்டுவந்தார். வடிவு வேலை செய்கிற ஸ்கேன் சென்டரில் கொடுத்தது. கஜலட்சுமி படம், கீழே தினமும் கிழிக்கிற தாள். அன்றைய தேதியில் ஒரு மஞ்சள் பொட்டு வைத்திருந்தார். இதை மாட்டிவிட்டால் மறைந்துவிடும், ஒரு ஆணி அடியுங்கள் அண்ணாச்சி என்றார். வடிவு சுத்தியல் எடுத்துவந்தாள். அது தேவைப்படவில்லை. ஆணியை வைத்துக் கட்டைவிரலால் அழுத்தினேன், உள்ளே போய்விட்டது. சுத்தியலை அவளிடமே திருப்பிக் கொடுத்தேன்.

லட்சணமாக இருந்தாள் அன்றைக்கு.

நான் வீட்டுக்குப் போகவில்லை. இதை நீங்கள் கவனிக்க வேண்டும். இன்னொருவன் என்றால் எடுத்துக் கொடுத்துவிட்டு, திங்கட்கிழமை வந்து ஒட்டியிருப்பான். நான் தெருமுனை டீக்கடையிலேயே உட்கார்ந்துவிட்டேன். பையில் நோட்டீஸ், பக்கத்தில் பசை வாளி. அவர்கள் கிளம்பின மறு நிமிஷம் ஒட்டிவிட வேண்டும். தேவைக்கு மேல் ஒரு மணி நேரம்கூட அந்தச் சுவர் நோட்டீஸ் இல்லாமல் இருக்கக் கூடாது. பொறுப்பு என்று ஒன்று இருக்கிறது அல்லவா?

பதினோரு மணிக்கு வேன் வந்தது. பதினாலு பேர். நான் எண்ணவில்லை, டீக்கடைக்காரர் எண்ணினார். பொண்ணு பாக்க வாராங்களா, படை எடுத்து வாராங்களா என்றார். தரகரும் அம்பலவாணனும் வாசலில் நின்று ஒவ்வொருவராக வரவேற்று மாடிக்கு அனுப்பிவிட்டு, கடைசியில் தாங்களும் ஏறினார்கள். கீழே வெளிச்சம் கிடையாது. நல்ல இடம் என்றால் மேல்கூடம்தான். ஜமக்காளம் விரித்திருந்தார்கள். மாப்பிள்ளையின் அக்கா போகிறபோது அந்தக் காலண்டரைப் பார்த்து நின்று, கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அது டீக்கடையிலிருந்தே தெரிந்தது எனக்கு. நல்லபடியாக முடியும் என்று நினைத்தேன்.

மெதுவாக இறங்கு தாயி. படி ஈரமாக இருக்கிறது. இதுதான் மகளா, சார்? ஏழாவது மாதமா, ஒன்பதா? ஒன்பதா. மாடியிலா படுக்கிறாள்? காற்று வரும், வாஸ்தவம்தான்.

சத்தம் பெரிதாக இல்லை, சார். லாரியிலிருந்து மாவு மூட்டையை இறக்கிப் போட்டால் வருமே, அது மாதிரி ஒரு சத்தம். அப்புறம் சத்தமே இல்லை. வாசல் வழியாகத் தூசி வந்தது. எல்லோரும் ஓடினார்கள். நானும் ஓடினேன். கையில் வாளி இருந்தது. வாளியை ஏன் எடுத்துக்கொண்டு ஓடினேன் என்று என் மனைவி கேட்டாள். எடுத்துக்கொண்டுதான் ஓடினேன், என்ன சொல்வது?

மேல்கூடம் கூரையோடு முழுசாகக் கீழே இறங்கியிருந்தது. அதற்குக் கீழேதான் சமையலறை. செண்பகம்மா பஜ்ஜி போட்டுக்கொண்டிருந்தார். எண்ணெய் வாசனை வந்துகொண்டே இருந்தது.

அப்போது எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? சுவரில் கஜலட்சுமி இருக்கிறாள் என்று தோன்றியது.

முன்சுவர் அப்படியே நின்றது, சார். வாசல் நிலை, மாவிலை, கோலம், எல்லாம் அப்படியே. தெருவிலிருந்து பார்த்தால் வீடு நிற்கிற மாதிரியே இருக்கும். ஆட்கள் உள்ளே புகுந்து கையால் செங்கலை அள்ளிக்கொண்டிருந்தார்கள். நான் காலண்டரைக் கழற்றினேன், ஆணியை உருவினேன், பசை தடவினேன், நோட்டீஸை விரித்து ஒட்டினேன். இரண்டு நிமிஷம். கூட இருக்காது. பசை காயத்தான் நேரமாகும், ஒட்டுவதற்கு நேரமாகாது. தீயணைப்பு வண்டி வருவதற்கு இருபது நிமிஷம் ஆயிற்று. அதனால் இரண்டு நிமிஷத்தில் யாருக்கும் ஒன்றும் குறைந்துவிடவில்லை. செண்பகம்மா அப்போதே போய்விட்டாரா, கொஞ்ச நேரம் இருந்தாரா என்று ஆஸ்பத்திரியில் எழுதியிருப்பார்கள். நான் கேட்கவில்லை.

தாளை நீவிவிட்டுத் திரும்பினேன். மாடிப்படி கல்படி. அது பக்கத்துச் சுவரோடு சேர்ந்தது, விழவில்லை. அதில் நாலாவதோ ஐந்தாவதோ படியில் வடிவு நின்றாள். கையில் காப்பித் தட்டு. மாடிக்கு ஏறிக்கொண்டிருந்தவள். அவளுக்கு முன்னால் ஒன்றும் இல்லை, ஆகாயம். ஒரு டம்ளர்கூடச் சாயவில்லை. திரும்பி வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். என்னைப் பார்த்தாள் என்று நிச்சயமாகச் சொல்ல முடியாது. தூசி.

அதற்குப் பிறகு நானும் செங்கல் அள்ளினேன், சார். எனக்கு இரண்டு நகம் போயிற்று. அதற்குப் படம் இல்லை.

மூன்று பேர். செண்பகம்மா, அந்த அக்கா, தரகர். மாப்பிள்ளைப் பையனுக்கு இடுப்புக்குக் கீழே உணர்வு இல்லை என்று கேள்வி. அம்பலவாணனுக்கு இரண்டு காலும் முறிந்து மூன்று மாதம் ஆஸ்பத்திரி. ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே அவர் மேல் வழக்குப் பதிவாகிவிட்டது. ஆபத்தான கட்டடம் என்று தெரிந்தும் வெளியாட்களை உள்ளே கூட்டிப்போய் மரணத்துக்குக் காரணமானார் என்று. நோட்டீஸ்தான் ஆதாரம்.

விசாரணை எங்கள் ஆபீஸிலேயே நடந்தது. நோட்டீஸ் ஒட்டினீரா? ஒட்டினேன். எப்போது? புரட்டாசி இருபத்து நாலு. ஆதாரம்? படம். சம்பவம் நடந்தபோது சுவரில் இருந்ததா? இந்தக் கேள்விக்கு நான் வாயைத் திறக்கவே இல்லை. தீயணைப்புக்காரர்கள் எடுத்த படத்தை அதிகாரியே எடுத்து மேஜை மேல் வைத்தார். வாசல், மாவிலை, அதற்குப் பக்கத்தில் நோட்டீஸ். நேராகத்தான் இருந்தது. அம்பலவாணன் அன்று நோட்டீஸை நீர் எடுத்ததாகச் சொல்கிறாரே என்றார். வேதனையில் இருக்கிறார், ஏதாவது சொல்லுவார் என்றேன். இதில் பொய் எங்கே இருக்கிறது? அவர் வேதனையில்தான் இருந்தார்.

கடமையைச் சரிவரச் செய்த ஊழியர் என்று எழுதினார்கள். அம்பலவாணனை, தப்பிப்பதற்காக அரசு ஊழியர் மேல் பழி போடுகிறவர் என்று எழுதினார்கள். நான் எழுதச் சொல்லவில்லை.

மாசி மாதம் ஒரு மத்தியானம் வடிவு என் வீட்டுக்கு வந்தாள். எப்படி விலாசம் கண்டுபிடித்தாளோ. என் மனைவி மோர் கொடுத்தாள். குடிக்காமல் கையில் வைத்திருந்தாள்.

“மாமா, அப்பா தெனமும் ஒண்ணையேதான் சொல்லுதாரு. நான் அதைத் தொடலை, நான் கிழிக்கலைன்னு. ஜெயிலுக்குப் போறதைப் பத்திக்கூட ஒண்ணும் சொல்லலை. நீங்க எடுத்தீங்கன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. அம்மா கேட்டுத்தான் எடுத்தீங்கன்னு சொல்லுங்க. அது போதும்.”

எனக்கு இன்னும் பதினோரு மாதம் சர்வீஸ் இருக்கிறது தாயி என்று சொன்னேன். நான் வாயைத் திறந்தால் இருபத்தொன்பது வருஷமும் போய்விடும், அதனால் உன் அம்மா வரப்போவதில்லை என்று சொன்னேன். ஆறுதலாகத்தான் சொன்னேன்.

அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் பார்த்தாள். அங்கே அந்தக் காலண்டர் மாட்டியிருந்தது.

சாமி படம், சார். அன்றைக்கு அவசரத்தில் பைக்குள் வைத்தது. குப்பையில் போட மனம் வருமா? என் மனைவி படம் நன்றாக இருக்கிறது என்று சமையலறைக்கு வெளியே மாட்டிவிட்டாள். படத்துக்காக மாட்டியதால் தாளை யாரும் கிழிக்கவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை அப்படியே நின்றது. மஞ்சள் பொட்டும் இருந்தது. ஸ்கேன் சென்டர் பெயரும் இருந்தது.

வெகுநேரம் பார்த்தாள். பிறகு, “அந்தக் காலண்டரைத் தாங்க மாமா. அதுல எங்கம்மா வச்ச மஞ்சள் இருக்கு” என்றாள்.

கொடுத்திருப்பேன். ஒரு காலண்டர்தானே. ஆனால் அவள் அதை எங்கே கொண்டுபோவாள் என்று ஒரு யோசனை வந்தது. இந்தக் காலத்துப் பெண்கள், படித்தவள் வேறு. நாளைக்கு வா, துடைத்து எடுத்து வைக்கிறேன் என்றேன். சரி என்று போய்விட்டாள். மோர் அப்படியே இருந்தது.

மறுநாள் விடியும் முன்னே ஆற்றுக்குப் போனேன். சாமி படத்தை ஆற்றில்தான் விட வேண்டும், அதுதானே முறை? கிழிக்கவில்லை, எரிக்கவில்லை. முறைப்படி விட்டேன். கொஞ்ச தூரம் மிதந்து போயிற்று. தாள் நனைந்ததும் இறங்கிவிட்டது. கும்பிட்டுவிட்டு வந்தேன்.

அவள் பத்து மணிக்கு வந்தாள். சுவரில் ஆணி மட்டும் இருந்தது. ஏன், எங்கே என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. ஆணியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“இந்த ஆணியை அடிக்கச் சுத்தியல் வேண்டியிருந்துச்சா மாமா?” என்றாள்.

என்ன கேள்வி, சார், அது? நான் கட்டினது கான்கிரீட் வீடு. சுத்தியல் இல்லாமல் எப்படி ஆணி இறங்கும்? பாவம், அந்தப் பெண்ணுக்கும் மனசு சரியில்லை போல என்று என் மனைவியிடம் சொன்னேன். இப்போதெல்லாம் அவள் என்னிடம் அதிகம் பேசுவதில்லை. வயதாகிறது.

வழக்கு அடுத்த மாதம் வருகிறது. அம்பலவாணன் வாக்கரை ஊன்றிக்கொண்டு கோர்ட்டுக்கு வருகிறார். நானும் சாட்சிக்குப் போக வேண்டும். ஒட்டினீரா என்று கேட்பார்கள். ஒட்டினேன் என்று சொல்வேன். கேட்டதற்குப் பதில் சொல்வேன். வடிவு அவரோடு வந்து பின்வரிசையில் உட்காருவாள். போன வாய்தாவில் அப்படித்தான் உட்கார்ந்திருந்தாள். என் கையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். எனக்குக் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

இதையெல்லாம் ஏன் உங்களிடம் சொல்கிறேன்? நீங்கள் வெளியே சொல்ல மாட்டீர்கள் என்று தெரியும். சொன்னால் வெள்ளிக்கிழமை இது சுவரிலேயே இருக்கும். அதற்காக மிரட்டுகிறேன் என்று நினைக்க வேண்டாம். அந்த விஷயத்திலிருந்து நான் ஒரு பாடம் படித்தேன். மனிதன் படிக்க வேண்டும் அல்லவா? நான் செய்த தப்பு ஒன்றே ஒன்று. எழுத்தில் வாங்காமல் எடுத்தது.

அதனால் ஒரு வெள்ளைத்தாளில் நான் சொல்கிறபடி எழுதிக் கொடுத்துவிடுங்கள். ‘என் வீட்டுச் சுவரில் ஒட்டப்பட்ட நோட்டீஸை நானே என் சொந்த விருப்பத்தில் அகற்றினேன், இதில் மாநகராட்சி ஊழியர் யாருக்கும் சம்பந்தமில்லை.’ அவ்வளவுதான். கீழே கையெழுத்து. தேதி மட்டும் போட வேண்டாம். அதை நான் பார்த்துக்கொள்கிறேன். ஒன்றும் நடக்காவிட்டால் தை மாதம் உங்கள் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுவேன். சத்தியமாக.

ஏன் சார் மேலே பார்க்கிறீர்கள்?

எத்தனை பேர் வருகிறார்கள்? அறுபதா. மாடியிலா? கீழே இடம் போதாது, சரிதான். பெண்கள் கூட்டம், கீழே உட்கார்ந்து வளையல் அடுக்க வசதி வேண்டும். இல்லை, நான் ஒன்றும் சொல்லவில்லை. எத்தனை பேர் எங்கே உட்காருவது என்பதெல்லாம் என் வேலை இல்லை.

இதோ, அம்மா தாளும் பேனாவும் கொண்டுவந்துவிட்டார்கள். இன்றைக்கு எப்படி இருந்தாலும் பசையைத் தண்ணீராகத்தான் காய்ச்சியிருக்கிறேன். நீங்கள் எழுதுங்கள், நான் ஒற்றி எடுக்கிறேன். துணி என்னிடமே இருக்கிறது.

அந்த இடம் வெளுப்பாகத் தெரியும். மறைக்கக் காலண்டர் ஏதாவது இருக்கிறதா, அம்மா? சாமி படம் வேண்டாம். மலை, பூ, குழந்தை, அந்த மாதிரி ஏதாவது கொடுங்கள். ஒரு ஆணியும்.

சுத்தியல் வேண்டாம். இப்போதுதான் விரலால் தொட்டுப் பார்த்தேன்.